துவைகல்லும் கொஞ்சம் கொசுவர்த்தியும்

பரீட்சை முடிஞ்சு, ஆய்வறிக்கை தொடங்குறதுக்கு நடுவுல ரெண்டு வாரம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். காப்பியோ டீயோ கையில எடுத்துக்கோங்க.

நம்ம ஆளுங்க வெளிநாட்டுக்கு வந்து இறங்கினதும் செய்யுற முதல் வேலை கொசுவர்த்தி சுத்துறது. அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகைன்னு வரிசையா எழுதி முடிச்சாச்சு. இப்போ அந்த வரிசையில துவைகல்லும் சேர்ந்திருக்கு. "அந்தக் காலத்துல கல்லுல அடிச்சுத் துவைச்ச வெள்ளை இந்த மெஷின்ல வருமா?", "குனிஞ்சு நிமிர்ந்து துவைச்சதாலதான் அந்தக் காலத்துப் பெண்களுக்கு இடுப்புவலியே வரல", இப்படி. வாட்ஸப்புல சொந்தக்காரங்க குழுவுல மாசத்துக்கு ஒண்ணாவது வருது. படிச்சுட்டுக் கீழ நாலு பேரு கும்பிடு போட்டுட்டுப் போறாங்க.

எழுதுறவங்க யாருன்னு பாத்தா, பெரும்பாலும் துவைகல்லுக்குப் பக்கத்துல நுரையில விளையாடினவங்க. கல்லுக்கு முன்னாடி மூணு மணி நேரம் குனிஞ்சு நின்னவங்க யாரும் அப்படி எழுதி நான் பாத்ததில்ல. அவங்களுக்கு அப்படி ஒரு ஏக்கம் இருந்தா, கல்லு இன்னும் அங்கனயேதானே கிடக்குது, போயித் துவைக்க வேண்டியதுதானே? யாரும் போறதில்ல. எங்க அம்மா அந்தக் கல்லு மேல இப்போ ரோஜாத் தொட்டி வச்சிருக்காங்க :-)

நான் நுரையில விளையாடாதவ இல்ல. விளையாடினேன். அதனால முதல்ல அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிடுறேன். அது பொய்யில்ல.

எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் பூமி. 2006, 2007 வாக்குல நான் ஒண்ணாப்பு ரெண்டாப்பு. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா துணி துவைக்கிற நாள். தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, அண்ணன், நான்னு ஆறு பேரு. சனிக்கிழமை ராத்திரியே வெள்ளை தனி, கலர் தனி, சாயம் போறது தனின்னு அம்மா பிரிச்சு வச்சுடுவாங்க. விடிஞ்சதும் சோப்புத்தூள் கரைச்ச அண்டாவுல ஊறப்போடணும். நீளமான பார் சோப்பைக் கட்டை நூலால அறுத்துத் துண்டு போடுவாங்க. அந்த நூலைப் பிடிச்சு இழுக்குறது என் வேலை. அல்வா வெட்டுற மாதிரி சுகமா இருக்கும்.

பப்பாளி இலைத் தண்டை ஒடிச்சு, ஒரு முனையை நுரைத் தண்ணியில முக்கி ஊதினா முட்டை முட்டையா குமிழி பறக்கும். இதைச் செய்யாத பிள்ளைங்க எங்க தெருவுல இல்ல. அப்புறம் நீலம் போடுறது. வாளித் தண்ணியில நாலு சொட்டு விட்டதும் அது புகை மாதிரி சுருண்டு சுருண்டு இறங்கும் பாருங்க, அதைப் பாக்கிறதுக்குன்னே நான் அம்மா பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருப்பேன். சரியாக் கலக்காம துணியைப் போட்டா திட்டுத்திட்டா நீலம் பிடிச்சுக்கும், தாத்தா சட்டை இந்திய வரைபடம் மாதிரி ஆயிடும். பழுப்பேறின துணியில நீலம் சேர்ந்தா கண்ணுக்கு ஏன் வெள்ளையாத் தெரியுதுன்னு காலேஜுல படிச்சேன். மஞ்சளும் நீலமும் ஒண்ணையொண்ணு அமுக்கிடுதாம். அழுக்கு போகல, கண்ணுதான் ஏமாறுது.

கடைசியில கஞ்சி. சோறு வடிச்ச கஞ்சியைத் துணியில வடிகட்டி, தண்ணி விட்டு நீர்க்கக் கரைச்சு, தாத்தா வேட்டியையும் ஆச்சியோட நூல் சேலையையும் முக்கி எடுத்தா, காஞ்சதுக்கப்புறம் வேட்டி அப்பளம் மாதிரி தானே நிக்கும். மொட்டைமாடியில கொடி கட்டிச் சேலையை நீளமா விரிச்சுவிட்டா அதுக்கு நடுவுல ஓடிப்பிடிச்சு விளையாடலாம். ஈரச்சேலை மூஞ்சியில அறைஞ்சிட்டுப் போகும். அந்த வாசம் இன்னும் எனக்கு மூக்குல இருக்கு.

இம்புட்டும் உண்மைதான். ஆனா இதுல எங்கயாவது எங்க அம்மாவோட சந்தோஷம் வந்துச்சா? குமிழி ஊதினது நான், அப்பளம் மாதிரி வேட்டி கட்டினது தாத்தா. இனி அம்மா பக்கம் என்ன நடந்துச்சுன்னு பாப்போம்.

முதல்ல தண்ணி. எங்க ஊர்ல வீட்டுக்குள்ள குழாயைத் திறந்தாத் தண்ணி கொட்டுற கதையெல்லாம் அப்போ கிடையாது. தெரு அடிபம்புல அடிச்சுக் குடத்துலயும் வாளியிலயும் தூக்கிட்டு வரணும். ஆறு பேரு துணியை ஊறவச்சு, ரெண்டு மூணு தடவை அலசி, நீலம் போட்டு எடுக்க எப்படியும் இருபது வாளி ஆகும். ஒரு வாளி 15 லிட்டர்னு வச்சுக்கோங்க. 300 லிட்டர். அதாவது 300 கிலோ. இதை அடிச்சு, தூக்கி, வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் ஊத்துறது துவைக்கிறதுக்கு முன்னாடி நடக்குற வேலை. இது யாரோட கணக்குலயும் 'துவைக்கிறது'ல சேராது.

அடுத்தது அந்தத் தண்ணியோட குணம். எங்க பக்கத்துத் தண்ணி உப்புத்தண்ணி. கால்சியமும் மக்னீசியமும் கூட இருக்கிற தண்ணியில சோப்பு நுரைக்காது. சோப்புல இருக்கிற கொழுப்பு அமிலம் அதுங்களோட சேர்ந்து கரையாத படிவமா மாறி, துணியிலயே வெள்ளையா ஒட்டிக்கும். நல்ல தண்ணியில ரெண்டு தடவை தேய்ச்சாப் போதும்ங்கிற இடத்துல இங்க ஆறு தடவை தேய்க்கணும். சோப்பும் கூட, கைவலியும் கூட. "ஒன் கையில பலமே இல்லையேட்டி"ன்னு ஆச்சி அம்மாவைச் சொல்லுவாக. குத்தம் தண்ணி மேல. பழி அம்மா கை மேல.

அப்புறம் உடம்பு. சோப்புத்தூள்ல மணிக்கணக்குல கை ஊறினா விரல் நுனித் தோல் உரியும். கால் விரல் இடுக்குல சேத்துப்புண். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிட்டுப் படுப்பாங்க. சமுக்காளம் துவைக்கிற அன்னிக்குத் தோள்பட்டை. காஞ்ச சமுக்காளத்தைத் தூக்கிப் பாத்துட்டு அது கனம் இல்லைன்னு நினைக்கிறவங்க, ஒருதடவை ஈரச் சமுக்காளத்தைப் பிழிஞ்சு பாருங்க. இதுக்கு ஒரு முனையைப் பிடிச்சு முறுக்க ஆள் வேணும். அந்த ஆளு நான். என்னைவிட மூணு வயசு மூத்த, பலசாலியான அண்ணன் கிரிக்கெட் ஆடப் போயிருப்பான். "ஆம்பளப் பிள்ளையை எதுக்கு ஈரத்துல நிப்பாட்டுத?" இதுவும் ஆச்சிதான்.

இன்னொண்ணு, கொசுவர்த்திப் பதிவுகள்ல வரவே வராதது. வீட்டுக்குத் தூரமான நாள்ல உபயோகிச்ச துணி. அதை எல்லாரும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, இருட்டுல, தனி வாளியில அலசணும். கொடியில பகிரங்கமாப் போடக்கூடாது. உள்பாவாடைக்கு அடியில, இல்லைன்னா குளியலறை மூலையில யார் கண்ணுலயும் படாமக் காயவைக்கணும். நல்லா வெயில்ல காயணும், இல்லைன்னா நோய்த்தொற்று வரும்னு எல்லா மருத்துவரும் சொல்றாங்க. தாத்தா துண்டுக்குக் கிடைச்ச வெயில் அந்தத் துணிக்குக் கிடைக்கல. 'சூரிய ஒளியில் காய்ந்த துணியின் மணம்'னு உருகுறவங்க இதையும் சேத்து நினைக்கணும்.

இப்போ மெஷின் கதைக்கு வாரேன். 2013ல அம்மாவுக்குத் தோள்பட்டையைத் தூக்கவே முடியாமப் போச்சு. கனம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அப்புறந்தான் வீட்டுல மெஷினைப் பத்திப் பேச்சே வந்துச்சு. அதுக்கு முன்னாடியே வீட்டுல டிவி உண்டு, பைக் உண்டு, அப்பாவுக்குச் செல்போன் உண்டு. தவணையில ஒரு செமி ஆட்டோமேட்டிக் வந்து இறங்குச்சு. தண்ணியை நாமே ஊத்தலாம், குழாய் தேவையில்ல. நம்ம ஊர்கள்ல அந்த வகை இன்னும் ஓடுறதுக்குக் காரணமே அதுதான். முதல் ரெண்டு மாசம் அம்மா அதை நம்பல. "கல்லுல அடிச்சாத்தான் அழுக்கு போவும்"னு காலரை மட்டும் தனியா பிரஷ் போட்டுட்டுதான் உள்ள போடுவாங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிஞ்சு, அம்மா கூடத்துல தலையணை போட்டுப் படுத்துத் தூங்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பகல்ல அம்மா தூங்கி நான் பாத்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பன்னிரண்டு வயசு முடிஞ்சிருந்துச்சு.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங், 2010ல துணி துவைக்கிற மெஷினைப் பத்தி ஒரு பேச்சு பேசினாரு. இணையத்துல இருக்கு, பாக்காதவங்க பாருங்க. விறகு எரிச்சுத் தண்ணி காயவச்சு ஏழு பிள்ளைகளுக்குக் கையால துவைச்ச அவரோட பாட்டி, வீட்டுக்கு மெஷின் வந்த அன்னிக்கு அதுக்கு முன்னாடி உக்காந்து முழுசா ஓடி முடியுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாங்களாம். மிச்சமான நேரத்துல அவரோட அம்மா அவரை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். துணியைப் போட்டா புத்தகம் வருதுன்னு அந்த மெஷினுக்குள்ள இருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டுவாரு. எனக்குப் பிடிச்ச பேச்சு அது. ஆனா அது பாதிக் கதைதான்.

மீதிப் பாதியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்ங்கிற வரலாற்றாசிரியை 1983ல வந்த தன்னோட புத்தகத்துல எழுதியிருக்காங்க. 'அம்மாவுக்குக் கூடுதல் வேலை'ங்கிற மாதிரிதான் அதோட தலைப்பே இருக்கும். அமெரிக்க வீடுகளுக்கு ஒவ்வொரு சாமானா வந்தப்போ வேலை சுலபமாச்சு, ஆனா நேரம் பெருசா மிச்சமாகலைங்கிறாங்க. துணிக்கு எப்படின்னா, முன்னாடி வெளியாட்கள் துவைச்சதெல்லாம் மெஷின் வந்ததும் வீட்டுக்குள்ள வந்து இல்லத்தரசி தலையில விழுந்துச்சு. அதோட, சுத்தம்ங்கிறதோட அளவுகோலும் ஏறிப்போச்சு.

எங்க வீட்டுலயும் அச்சு அசல் அதேதான். முன்னாடி மாசத்துக்கு ஒருதடவை துவைச்ச போர்வை, வாராவாரம் ஆச்சு. ரெண்டு நாளைக்குப் போட்ட பள்ளிக்கூட யூனிஃபார்ம் தினமும் ஆச்சு. அப்பா வீட்டுல கட்டுற கைலியை ஒருநாள் கட்டிட்டு அழுக்குக்கூடையில போட ஆரம்பிச்சாரு. "மெஷின்தானே துவைக்குது!" ஆமா, மெஷின் துவைக்குது. ஆனா கூடையில இருந்து பிரிக்கிறது, பையில இருக்கிற சில்லறையை எடுக்கிறது, தண்ணி ஊத்துறது, பிழியுற பக்கம் மாத்திப் போடுறது, உதறிக் காயப்போடுறது, மழை வந்தா ஓடுறது, மடிக்கிறது, அவங்கவங்க அலமாரியில வைக்கிறது எல்லாம் யாரு?

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. மத்திய அரசோட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ரெண்டு தடவை வந்திருக்கு. 2019 கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யுற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் செலவழிச்சது 299 நிமிஷம். அந்த வேலை செய்யுற ஆண்கள் 97 நிமிஷம். 2024 கணக்குல பெண்கள் 289, ஆண்கள் 88. அஞ்சு வருஷத்துல பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு, சந்தோஷம். ஆண்களும் சளைக்காம ஒன்பது நிமிஷம் குறைச்சுக்கிட்டாங்க. நல்ல ஒத்துமை :-)

எனக்கு இன்னொரு கோபமும் இருக்கு. 2006 தேர்தலுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல இலவசக் கலர் டிவி கொடுத்தாங்க. 2011க்கு அப்புறம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. 2021 தேர்தல்ல அதிமுக அறிக்கையில வாஷிங் மெஷின் கொடுக்கிறதாச் சொன்னாங்க. அந்தத் தேர்தல்ல அவங்க ஜெயிக்கல, அது நடக்கல. நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேக்க வரல. அப்போ எங்க குழுக்கள்ல வந்த கிண்டலைத்தான் சொல்றேன். டிவி கொடுத்தப்போ இலவசம் கெடுதல்னு சண்டை போட்டவங்க இருந்தாங்க, சரி, அது ஒரு வாதம். ஆனா வாஷிங் மெஷின்னதும் வாதமே இல்ல, சிரிப்பு மட்டும்தான். "இனி பொம்பளைங்களுக்கு என்னதான் வேலை?" இதுதான் நகைச்சுவை. தண்ணி எங்க, கரண்ட்டு எங்க, காசு எங்கன்னு கேட்டிருந்தா அது நியாயமான கேள்வி. அதைக் கேட்டவங்க கம்மி. பொம்பளைங்க சும்மா இருந்துடுவாங்களோங்கிற பயம்தான் அதிகம். துவைகல் ஏக்கமும் இந்தச் சிரிப்பும் ஒரே இடத்துல இருந்துதான் வருதுன்னு நான் நினைக்கிறேன்.

'அந்தக் காலம்'னு பேசும்போது இன்னொரு ஆளையும் மறந்துட முடியாது. வீட்டுல துவைக்கிறது போக, வெளுக்கப் போடுற துணி. எங்க ஆச்சி காலத்துல ஒவ்வொரு ஊருக்கும் துணி வெளுக்கிற குடும்பம் உண்டு. உவர்மண்ணு போட்டு ஊறவச்சு, வெள்ளாவியில அடுக்கி ராத்திரியெல்லாம் ஆவியில வேகவச்சு, துறையில அடிச்சு, காயவச்சு, யார் வீட்டுத் துணி எதுன்னு சேங்கொட்டைச் சாறால குறி போட்டு வச்சு, சரியாக் கொண்டுவந்து சேர்ப்பாங்க. அந்தக் குறி எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. அந்தச் சாறு தோல்ல பட்டாப் புண்ணாக்கிடும், அதையும் சேத்துதான் அந்த வேலை. இதுக்குக் கூலி, அறுவடைக்கு அறுவடை கொஞ்சம் தானியம், ராத்திரிக்கு வீடுவீடா வாங்குற சோறு. பிள்ளை பிறந்தா, பெண் சமைஞ்சா, யாரும் செத்தா, அந்தத் துணியை எடுக்கவும் மாத்துத் துணி கொடுக்கவும் அவங்கதான் வரணும். அதுல தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் நிலைமை இன்னும் மோசம். கண்ணுலயே படக்கூடாதுன்னு வச்சிருந்தாங்க. அவங்களுக்குன்னு தனி நலவாரியம் 2009லதான் வந்துச்சு.

எங்க தெருவுக்கு நான் சின்னப்பிள்ளையா இருந்தப்பவும் ஒரு பெரியவர் மூட்டையோட வருவாரு. தாத்தா வயசு. தெருவே அவரை 'வா, போ'ன்னுதான் பேசும். அதே தெருவுல இருக்கிற சிவன் கோயில்ல அறுபத்து மூவர் வரிசையில திருக்குறிப்புத் தொண்ட நாயனார் நிக்கிறாரு. காஞ்சிபுரத்துல அடியார்களுக்குத் துணி வெளுத்தவர். பொழுது சாயுறதுக்குள்ள துணியைத் திருப்பித் தாரேன்னு வாக்குக் கொடுத்துட்டு, மழை விடாமக் கொட்டினதால காயவைக்க முடியாம, துவைக்கிற கல்லுலயே தலையை மோதிக்கப் போனவர்னு பெரியபுராணம் சொல்லுது. கல்லா நின்னாக் கும்பிடு, மூட்டையோட நின்னா 'வா, போ'. 'ஊரே ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம்'னு எழுதுறவங்க அந்தக் குடும்பத்துல அவருக்கு எந்த இடம்னு எழுதினா நல்லா இருக்கும்.

பழமைன்னு பாத்தா இந்த வேலைக்கு ரெண்டாயிரம் வருஷப் பழமை உண்டு. குறுந்தொகை 330ஆம் பாட்டுல, துணியில கஞ்சிப்பசை தோய்ச்சு, அடிச்சு, குளத்துல அலசுற ஒருத்தர் வாராங்க. முறுக்குன அந்தத் துணியைப் பகன்றைப் பூவுக்கு உவமையாச் சொல்லியிருக்கும். அங்கயும் துவைக்கிறது ஒரு பெண்தான். பூவைப் பத்தி எழுதினாங்க, கை வலிச்சுதான்னு கேட்டு எழுதல.

இதெல்லாம் நம்ம ஊர்ல மட்டும்னு நினைச்சிடாதீங்க. நான் இப்போ படிக்கிற ஜெர்மனியில பல ஊர்கள்ல 'ப்ளைஷ'ங்கிற சொல் வர்ற தெருப்பெயர் உண்டு. மைன்ஸ்ல குரோஸ ப்ளைஷ, ஹாம்பர்க்ல குரோஸ ப்ளைஷன், ஃபிராங்ஃபர்ட்ல ப்ளைஷ்ஷ்ட்ராஸ. ப்ளைஷன்னா வெளுக்கிற இடம். துவைச்ச லினன் துணியைப் புல்வெளியில விரிச்சு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வெயில்ல வெளுக்கவச்ச இடங்கள். நம்ம வண்ணாரப்பேட்டை மாதிரியேதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் துணியை வெளுத்தவங்க குடியிருந்த இடம் அது. இங்க அந்த இடங்கள்ல இப்போ கடைவீதி. யாரும் அந்தக் காலத்தை நினைச்சு ஏங்கி நான் கேக்கல. எங்க கட்டடத்துல இருக்கிற ஒரு பாட்டிகிட்ட ஒருநாள் பேச்சுக்கொடுத்தேன். அவங்க அம்மா காலத்துத் துவைக்கிற நாளைப் பத்திக் கேட்டா, "ஐயோ, அந்த நாள்ல யாரும் அம்மாகிட்டப் பேசவே மாட்டோம்"னாங்க. கொப்பரையில கொதிக்கவச்சு, கட்டையால கிண்டி, நாள் முழுக்க நீராவிக்குள்ள நிக்கிற வேலை. நம்ம வெள்ளாவிக்கு அக்கா தங்கச்சி.

இங்க விடுதியில அடித்தளத்துல மெஷின் இருக்கு. சோப்புத்தூள் பொட்டலத்துல, மென்மையான தண்ணின்னா இவ்வளவு, நடுத்தரம்னா இவ்வளவு, கடினமான தண்ணின்னா இவ்வளவுன்னு மூணு அளவு போட்டிருக்கும். அதைப் பாத்த அன்னிக்கு எனக்கு ஆச்சி சொன்ன "ஒன் கையில பலமே இல்லையேட்டி" ஞாபகம் வந்து கோபம் கோபமா வந்துச்சு. பொட்டலத்துல மூணு வரி. அந்த மூணு வரியை எங்க அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லல. இங்க ஞாயித்துக்கிழமை அமைதி நாள்ங்கிறதால எங்க விடுதியில அன்னிக்கு மெஷின் போடக்கூடாது. அம்மாகிட்டச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை துவைக்கக் கூடாதுன்னு சட்டமா? நல்ல ஊருட்டி அது"ன்னாங்க.

எங்க விடுதியில நம்ம ஊர்ப் பையன்கள் ஆறு பேரு உண்டு. எல்லாரும் நல்ல பையன்கள். வந்த முதல் வாரம் எப்படித் துவைக்கணும்னு வீடியோவுல அம்மாகிட்டக் கேட்டு, ஒருத்தன் சிவப்பு டிஷர்ட்டோட சேத்துப் போட்டு எல்லாச் சட்டையையும் ரோஸ் கலரா மாத்தி, இப்போ எல்லாரும் கில்லாடி ஆயிட்டாங்க. கம்பளி தனி, 40 டிகிரி, 60 டிகிரி எல்லாம் அத்துப்படி. ஆக, இந்த வேலை ஆம்பளைக் கைக்கு வராதுங்கிறது சுத்தப் பொய். ரெண்டு வாரத்துல வருது. ஆனா இவங்க லீவுக்கு ஊருக்குப் போனா என்ன நடக்குது? வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே இந்தத் திறமையையும் கழட்டி வச்சுடுறாங்க. பெட்டி நிறைய அழுக்குத்துணி அம்மாகிட்டப் போகுது. "அம்மா விட மாட்டேங்கிறாங்க"ங்கிறாங்க. நம்புறேன். எங்க அம்மாவும் அண்ணனை விடமாட்டாங்க. ஆனா எத்தனையோ விஷயத்துல அம்மா 'வேண்டாம்'னா மதிக்காத பிள்ளைங்க, இதுல மட்டும் எப்படி இவ்வளவு சொல்பேச்சு கேக்குறாங்க?

சரி, பழசுல இழந்தது ஒண்ணுமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. எங்க அம்மாகிட்டயே கேட்டேன். கல்லைச் சொல்லல, வெயிலைச் சொல்லல. கோடையில அடிபம்புல தண்ணி வராத நாள்ல, தெருப் பொம்பளைங்க எல்லாம் மூட்டையைத் தூக்கிட்டு ஊருக்கு வெளிய ஒரு தோட்டத்துப் பம்ப்செட்டுக்குப் போவாங்க. அங்க மதினிமாரோட பேசின பேச்சு, சிரிச்ச சிரிப்பு. "மாமியா இல்லாத எடம்லா அது"ன்னாங்க. துவைக்கப் போறேன்னு சொன்னாத்தான் வீட்டை விட்டு மூணு மணி நேரம் வெளிய போக முடிஞ்சிருக்கு. மெஷின் வந்து அந்தச் சாக்கும் போச்சு. இது நிஜமான இழப்பு. ஆனா இதுக்கு மருந்து துவைகல் இல்ல. மூட்டைத் துணி இல்லாமலேயே பொம்பளைங்க சேர்ந்து உக்காந்து பேச ஒரு இடமும் நேரமும்தான் மருந்து. ஆம்பளைங்களுக்கு டீக்கடை பெஞ்சு கிடைக்க எந்தச் சமுக்காளத்தையும் துவைக்க வேண்டியிருக்கல.

அதனால என்னோட கருத்து இதுதான். கொசுவர்த்தி சுத்துங்க, தப்பில்ல. குமிழியும் கஞ்சி வாசமும் நம்ம சொத்துதான். ஆனா எழுதும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுட்டு எழுதுங்க: அந்த நேரத்துல துவைச்சது யாரு, அவங்களுக்கு அது எப்படி இருந்துச்சு? உயிரோட இருந்தா அவங்ககிட்டயே ஃபோன் போட்டுக் கேளுங்க. உங்க பதிவு இன்னும் நல்லா வரும், நான் உத்தரவாதம். ரெண்டாவது, மெஷின் இல்லாத வீட்டுக்கு மெஷின் வேணும், அதுக்குத் தண்ணியும் வேணும். அதைச் சோம்பேறித்தனம்னு கிண்டல் பண்ணாதீங்க. மூணாவதுதான் முக்கியம். மெஷின் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதிக்குக் கை வேணும். அது வீட்டுல இருக்கிற எல்லாக் கையும்தான்.

எங்க அண்ணனுக்கு அடுத்த தை மாசம் கல்யாணம். அவனுக்கு நான் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கேன், வெள்ளை தனி, கலர் தனியில இருந்து மடிச்சு வைக்கிறது வரைக்கும். இன்னும் பதில் வரல. பாத்துட்டான், நீலக்குறி விழுந்துடுச்சு :-)

பி.கு: "அப்போ அம்மியில அரைச்ச சட்னி ருசி?"ன்னு யாராவது கேக்கணும்னு நினைச்சா, தாராளமா அரைங்க. நீங்களே அரைச்சு, படம் பிடிச்சுப் போடுங்க. நான் வந்து முதல் ஆளாப் பாராட்டுறேன்.